நாயை அறிந்தவர் யார்?

மலையகத் தோட்டமொன்றில் நாய் ஒருவரைக் கடித்துவிட்டால் அதன்பின் நிகழ்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கின்றது. ஒன்றில் அந்நாய் அன்று மாலைக்குள் அடித்துக் கொல்லப்படும். அல்லது கடிபட்டவரின் கவனக்குறைவே காரணமென்று பேசி விடயம் கைவிடப்படும். அந்நாய் ஏன் கடித்தது என்னும் கேள்வி இவ்விரு முடிவுகளுக்கும் இடையில் எழுவது அரிது. எழுந்தாலும் அதற்கு விடை கூறும் தகுதி யாரிடம் உண்டு என்பது தெளிவாக்கப்படவில்லை. தோட்டத்துரை ஒன்று சொல்வார். சுகாதார உத்தியோகத்தர் வேறொன்று சொல்வார். நாற்பது ஆண்டுகள் நாய் வளர்த்த பெரியவர் மூன்றாவதொன்றைச் சொல்வார். அண்மைக் காலத்தில் நகரங்களிலிருந்து நான்காவது குரலொன்றும் கேட்கத் தொடங்கியுள்ளது. அது ‘நாய் நடத்தை வல்லுநர்’ என்று தம்மை அழைத்துக்கொள்வோரின் குரலாகும்.

இவ்வல்லுநரை வல்லுநராக்குவது யாது? சான்றிதழா, அனுபவமா, பட்டப்படிப்பா? இவ்வினா நுவரெலியாவின் வளமனைகளில் வளரும் உயர்சாதி நாய்களோடு மட்டும் தொடர்புடையதெனக் கருதுவது தவறு. டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் லயத்து வாசலில் படுத்துறங்கும் நாயின் உயிரும், அதனருகே விளையாடும் பிள்ளையின் உயிரும் இவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடையிலேயே தங்கியுள்ளன.

பட்டத்தின் வெறுமை

இலங்கையில் மிருக வைத்தியர் என்னும் பெயரை நினைத்தவரெல்லாம் சூடிக்கொள்ள முடியாது. 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் மிருக வைத்தியத் தொழிலைப் பதிவுக்கு உட்படுத்தியது. ஆனால் நாயின் நடத்தையை அறிந்தவர் என்று பெயர்ப்பலகை தொங்கவிடுவதற்கு அத்தகைய தடை எதுவுமில்லை. இக்குறைபாடு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. நாய் வளர்ப்பில் நீண்ட மரபுடைய ஐக்கிய இராச்சியத்திலும் இப்பெயர் சட்டப் பாதுகாப்பற்றதாகவே உள்ளது.

அமெரிக்காவில் நிலைமை ஓரளவு வேறானது. மிருக வைத்தியப் பட்டம் பெற்றபின் நடத்தை மருத்துவத்தில் மேலும் பல்லாண்டுப் பயிற்சியும் பரீட்சையும் முடித்தோரை அங்கீகரிக்கும் கல்லூரியமைப்பொன்று அங்கு 1993இல் ஏற்பு பெற்றது. விலங்கு நடத்தைக் கழகம் முதுமாணி அல்லது கலாநிதிப் பட்டமும் செயலனுபவமும் உடையோருக்குத் தனியாகச் சான்று வழங்குகின்றது. எனினும் இவ்விரு வகையினருக்கும் அப்பால், சில நாட் பயிற்சியோடு அல்லது எப்பயிற்சியும் இன்றி அதே பெயரைப் பூண்டோர் அங்கும் உள்ளனர். ஒரே பெயரின் கீழ் இத்துணை வேறுபட்டோர் நிற்கையில், உதவி நாடி வருபவர் எதைக்கொண்டு அவர்களைப் பிரித்தறிவார்?

இக்குழப்பத்தின் விளைவை ஓர் உதாரணத்தாற் காட்டலாம். சுவிற்சர்லாந்தின் பாசல் நகர மிருகக்காட்சிச் சாலையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களை ஆராய்ந்த ருடோல்ப் ஷெங்கல் 1947இல் தம் முடிபுகளை வெளியிட்டார். கூட்டத்தின் தலைமைக்காக ஓநாய்கள் ஓயாது போட்டியிடுகின்றன என்னும் கருத்து அதிலிருந்து வளர்ந்தது. டேவிட் மெக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970இல் எழுதிய நூல் அதனைப் பரவலாக்கியது. நாயும் ஓநாயின் வழிவந்ததே. ஆகவே அதுவும் தன் எசமானை அடக்கியாள முயல்கின்றது. அதனை அடித்தும் புரட்டியும் அடக்க வேண்டும் என்று பயிற்றுநர் பலர் போதிக்கலாயினர். பின்னர் காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களை நெடுங்காலம் அவதானித்த அதே மெக், ஓநாய்க் கூட்டமென்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பமே என்றும், தலைமைப் போட்டி என்னும் விளக்கம் அதற்குப் பொருந்தாதென்றும் 1999இல் எழுதினார். 2008இல் அமெரிக்க மிருக வைத்திய நடத்தைக் கழகமும் அடக்கியாளும் கோட்பாட்டை நாய்ப் பயிற்சிக்கு அடிப்படையாகக் கொள்வதை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது.

அறிஞரும் தவறினர் என்பது இதிலிருந்து புலனாகின்றது. ஆயின் அறிஞரின் தவறு அறிஞராலேயே திருத்தப்பட்டது என்பதே மனங்கொள்ளத்தக்கது. பழைய நூலொன்றில் பாதியைப் படித்துவிட்டுப் பட்டம் சூடிக்கொண்டவரோ அத்திருத்தம் நிகழ்ந்ததையே அறியார். அவரது கையில் அடிபடும் நாய் உறுமுவதை நிறுத்திவிடும். உறுமல் நாயின் எச்சரிக்கை. எச்சரிக்கையைத் தண்டித்து அழித்தபின் எஞ்சுவது எச்சரிக்கையின்றிக் கடிக்கும் நாயே. அந்நாயைத் திருந்திய நாயென்று கையளித்துவிட்டு வல்லுநர் சென்றுவிடுவார். அதனோடு வாழ்வது அவ்வீட்டின் பிள்ளைகள்.

அனுபவம் என்னும் அரண்

சான்றிதழை நம்பாதோர் அனுபவத்தைச் சரணடைவர். “எத்தனை நாய்களைப் பார்த்தவர் இவர்” என்பது தோட்டத்தில் அடிக்கடி கேட்கும் வாதம். அனுபவத்தின் பெறுமதியை மறுப்பதற்கில்லை. ஆனால் அனுபவம் மட்டும் போதுமெனின் தமிழ்ச் சமூகத்தின் நீண்டகால அனுபவத்தில் விளைந்த பழமொழிகள் பிழையற்றவையாக இருத்தல் வேண்டும். குரைக்கிற நாய் கடிக்காது என்பது பழமொழி. குரைத்த நாய்களிடம் கடிபட்டோர் எத்தனை பேர் என்பதை எந்த அரசாங்க வைத்தியசாலையிலும் கேட்டறியலாம்.

வாலைக் குழைப்பதன் பொருளை எடுத்துக்கொள்வோம். யானையொத்தோர் நட்பினும் நாயொத்தோர் நட்பே சிறந்ததென்று கூறும் நாலடியார்ச் செய்யுளொன்று, தன் உடலில் எறியப்பட்ட வேல் தைத்திருக்கும்போதும் நாய் வால் குழைப்பதை அதற்குச் சான்றாகக் காட்டுகின்றது. காட்சி நுட்பமானது, புலவர் நாயை உற்றுநோக்கியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் கொண்ட பொருள் அன்பு. இன்றைய நடத்தை ஆய்வாளர் அதே காட்சியில் அச்சத்தையும், தாக்குபவரைத் தணிக்கும் முயற்சியையும் காண்பர். வால் ஆடுவது மகிழ்ச்சியின் அடையாளம் மட்டுமன்று. கிளர்ச்சியுற்ற நாயும், அஞ்சிய நாயும், கடிக்கப்போகும் நாயுங்கூட வாலை ஆட்டும். உடல் விறைத்திருக்கின்றதா, காதுகள் பின்வாங்கியுள்ளனவா, கண்ணின் வெண்மை தெரிகின்றதா, நாய் முகத்தைத் திருப்பி உதட்டை நக்குகின்றதா என்பவற்றையெல்லாம் சேர்த்தே வாலின் பொருளை அறிதல் வேண்டும். ஆகவே காண்பது வேறு, கண்டதற்குப் பொருள் கூறுவது வேறு. முன்னது அனுபவத்தால் வரும். பின்னதற்கு அனுபவம் மட்டும் போதாது.

‘குற்றமுணர்ந்த முகம்’ பற்றிய நம்பிக்கையும் இத்தகையதே. தவறு செய்த நாய் தன் முகத்திலேயே அதனைக் காட்டிக்கொடுக்கும் என்று நாய் வளர்ப்போர் உறுதியாகக் கூறுவர். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட பரிசோதனை இதனை ஆராய்ந்தது. நாய் தவறு செய்ததா இல்லையா என்பதோடு அம்முகபாவம் தொடர்புறவில்லை. உரிமையாளர் அதட்டினாரா என்பதோடேயே தொடர்புற்றது. தவறேதும் செய்யாத நாயும் அதட்டப்பட்டபோது அதே முகத்தைக் காட்டியது.

மலைநாட்டின் வரலாற்றிலும் அனுபவத்தின் எல்லையைக் காட்டும் சான்று உண்டு. சாமுவேல் பேக்கர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்து வேட்டைநாய்க் கூட்டமொன்றை வளர்த்தார். 1854இல் அவர் வெளியிட்ட வேட்டை நூலில் கில்பக், புளூபியர்ட், ஸ்மட் முதலிய நாய்களின் குணங்கள் தனித்தனியே வருணிக்கப்படுகின்றன. ஒரு நாய்க்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டை இத்துணை நுணுக்கமாகப் பதிந்தோர் அக்காலத்தில் அரியர். எனினும் அவர் அறிந்தது மரையைத் துரத்தும் நாயை. வேட்டைக்கு உதவும் குணமே அவருக்குக் குணம், உதவாதது குறை. எந்த நோக்கத்திற்காக ஒருவர் நாயோடு பழகுகின்றாரோ அந்நோக்கத்தின் அளவே அவரது அனுபவமும் விரிகின்றது. காவலுக்கு வளர்த்தவர் காவலை அறிவார். கண்காட்சிக்கு வளர்த்தவர் உருவத்தை அறிவார்.

லயத்து நாயும் நூலறிவும்

இனி, பட்டதாரி வல்லுநரின் அறிவும் தோட்டத்திற்கு அப்படியே பொருந்துமா என்று கேட்டல் வேண்டும். நாய் பற்றிய நூலறிவின் பெரும்பகுதி மேலைநாட்டு வீட்டு நாய்களையும் ஆய்வுகூட நாய்களையும் கொண்டு உருவானது. ஸ்கொட், புல்லர் ஆகிய இருவரும் 1965இல் வெளியிட்ட பெருநூல் அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. குட்டியின் மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே மனிதரோடும் பிறவற்றோடும் பழகிக்கொள்ளும் முக்கிய பருவம் என்பதை அவ்வாய்வு நிறுவியது. இது எங்கும் பயன்படும் உண்மை. ஆனால் கட்டிலிற் படுக்கும் நாய்க்கும் தேயிலைச் செடியின் கீழ்ப் படுக்கும் நாய்க்கும் வாழ்க்கை ஒன்றன்று. உலகத்து நாய்களுட் பெரும்பாலானவை எவருடைய கட்டுக்கும் உட்படாமல் மனிதக் குடியிருப்புகளை அண்டித் திரிபவையே என்பதை ரேமண்ட், லோர்னா கொப்பிங்கர் ஆகியோர் 2001இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினர். இந்தியாவில் கொல்கத்தாவின் அறிவியற் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவர்தம் மாணவரும் தெரு நாய்களைத் தெருவிலேயே வைத்து ஆராய்ந்து வருகின்றனர். எப்பயிற்சியும் பெறாத தெரு நாய்களுட் பலவும் மனிதர் கைகாட்டும் திசையைப் புரிந்துகொள்கின்றன என்று அவர்கள் காட்டியுள்ளனர். தெரு நாயைக் கல்லெறியத்தக்க பொருளாகக் காணாது கற்கத்தக்க பொருளாகக் கண்டதே அவர்களது முதற் தகுதி எனலாம்.

லயத்து நாய் இன்னும் சிக்கலானது. அதற்கு உரிமையாளர் இல்லையென்று சொல்ல முடியாது. ஒருவர்தாம் உரிமையாளர் என்றும் சொல்ல முடியாது. ஒரு காம்பராவில் சோறு, மற்றொன்றின் வாசலில் உறக்கம், வேறொரு வீட்டுப் பெண்ணோடு கொழுந்து மலைக்குப் பயணம் என்று அதன் நாள் கழிகின்றது. பெரட்டுக் களத்தில் கூடும் ஆட்களுள் தன்னவர் யார், அந்நியர் யார் என்பதை அது பிரித்தறிகின்றது. காட்டோரத் தோட்டங்களில் சிறுத்தை இரவில் லயத்தருகே வந்து நாயைக் கவ்விச் செல்வதும் உண்டு. அவ்விரவுகளில் நாய்கள் காட்டும் மாற்றத்தை அறிந்தவர் யார்? எந்தப் பெட்டை எங்கே குட்டி போட்டிருக்கின்றது, எந்த நாய் அடிபட்டபின் மனிதரை அஞ்சுகின்றது என்பவற்றை அறிந்தவர் யார்? விடியற்காலையில் மலைக்கு ஏறும் பெண்ணும், பாடசாலை விட்டு வரும் பிள்ளையும், பங்களாவில் துரையின் நாய்க்குச் சோறு வைத்து, குளிப்பாட்டி, நடத்திச் செல்லும் வேலையாளும் அறிவர்.

ஆனால் நாயைப் பற்றி முடிவெடுக்கப்படும் இடத்தில் இவர்களுக்கு நாற்காலி இல்லை. நாயின் சொந்தக்காரராகப் பேசுபவர் துரை. நாயைத் தினமும் பார்ப்பவர் வேலையாள். வருத்தமுற்ற நாயைக் காண மிருக வைத்தியர் வந்தால் துரையே நோயின் வரலாற்றைக் கூறுகின்றார். தெரிந்தவர் கைகட்டி நிற்கின்றார். நூறாண்டுக்கு மேலான தோட்ட அதிகார அமைப்பின் பழக்கம் இதிலும் தொடர்கின்றது. உழைப்போரின் அறிவு அறிவாகக் கொள்ளப்படாத இடத்தில் நாயைப் பற்றிய அறிவும் குறைபட்டே இருக்கும்.

இதனால் தொழிலாளர் சொல்வதெல்லாம் சரியென்பது பெறப்படாது. மேலே கூறிய பழமொழிகள் லயத்திலும் வழங்குகின்றன. அவர்கள் சொல்வது கேட்கப்பட வேண்டும், பதியப்பட வேண்டும், சோதிக்கப்பட வேண்டும் என்பதே பெறப்படும்.

கடித்த நாய் என்னும் சோதனை

வல்லுநர் என்போரின் தகுதியைக் கடித்த நாயின் முன் நிறுத்திச் சோதிக்கலாம். ஒரு லயத்தின் விறகுக் கொட்டகையில் பெட்டை நாயொன்று குட்டி ஈன்றிருப்பதாகக் கொள்வோம். குட்டியைத் தூக்கப்போன சிறுமியின் கையை அது கடித்துவிடுகின்றது. ஆட்கள் கம்போடு திரளுகின்றனர்.

தகுதியற்றவர் இவ்விடத்தில் நாயின் குணத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார். தகுதியுடையவர் முதலிற் சிறுமியைப் பற்றிப் பேசுவார். காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவவும், தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும் சொல்வார். ஏனெனில் நீர்வெறுப்பு நோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் மீள்வது ஏறத்தாழ இல்லை. அடுத்து, கம்புகளைக் கீழே போடச் சொல்வார். கடித்த நாயைக் கட்டி வைத்துப் பத்து முதல் பதினான்கு நாட்கள் அவதானித்தல் மருத்துவ வழக்கம். அந்நாட்களில் அது நலமாக இருந்தால் கடித்த வேளையில் நோய் பரப்பியிராது என்பது தெளிவாகும். அன்றே அடித்துக் கொன்று புதைத்துவிட்டால் அச்சான்றும் புதைக்கப்படுகின்றது. அதன்பின்னரே அவர் நாயைப் பற்றிக் கூறுவார்: குட்டியைக் காத்த தாயின் கடி வேறு, வலியால் வந்த கடி வேறு, காரணமின்றி முன்வந்து கடித்தது வேறு. இரண்டாவதும் மூன்றாவதும் மிருக வைத்தியரிடம் ஒப்படைக்கப்பட வேண்டியவை. தம் அறிவின் எல்லை எங்கு முடிகின்றதென்று அறிந்து, அவ்வெல்லையில் நின்று, மற்றவரை அழைப்பவரே வல்லுநர்.

இலங்கையின் வரலாறும் இதனையே போதிக்கின்றது. நீர்வெறுப்பு நோய் பற்றிய கட்டளைச் சட்டம் 1893இலும், நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901இலும் இயற்றப்பட்டன. கட்டாக்காலி நாய்களைக் கொல்வது நெடுங்காலம் நோய்த்தடுப்பின் பகுதியாக இருந்தது. அவ்வாறிருந்தும் 1973இல் இந்நோயால் 377 பேர் மாண்டனர். பின்வந்த பத்தாண்டுகளில் அத்தொகை படிப்படியாக வீழ்ந்ததற்கு நாய்களுக்கான தடுப்பூசியும் கடிபட்டோருக்கான சிகிச்சையுமே முதன்மைக் காரணங்கள். நாய்களைக் கொல்லாக் கொள்கை 2006இல் ஏற்கப்பட்ட பின்னரும் மரணங்கள் முன்னைய நிலைக்கு ஏறவில்லை. நாய்களுள் 70 வீதமானவற்றுக்கேனும் தடுப்பூசி ஏற்றுவதே உலக சுகாதார நிறுவனம் காட்டும் வழி. ஊசி போட நாயைப் பிடிக்க வேண்டும். நாயைப் பிடிக்க அது யாருடைய கைக்கு வருமென்று தெரிய வேண்டும். அது தெரிந்தவர் மீண்டும் லயத்திலேயே இருக்கின்றார்.

தகுதி யாது?

இதுவரை கூறியவற்றிலிருந்து நாய் நடத்தை வல்லுநருக்கு வேண்டிய தகுதிகளை நான்காக வகுக்கலாம். முதலாவது, பலவகை நாய்களைப் பல சூழல்களில் நீண்டகாலம் அவதானித்து, அவதானித்ததைப் பதிந்திருத்தல். இரண்டாவது, அவதானிப்புக்குப் பொருள் கூறும் விஞ்ஞானக் கல்வியும், அக்கல்வி மாறும்போது தம்மையும் திருத்திக்கொள்ளும் மனமும் உடையராதல். மூன்றாவது, நோயையும் நடத்தையையும் பிரிக்கும் எல்லையை அறிந்து மிருக வைத்தியரோடு சேர்ந்து பணிபுரிதல். நான்காவது, தாம் கூறிய ஆலோசனைக்கு நாயிடமும், அதனோடு வாழ்வோரிடமும், கடிபட்டவரிடமும் பொறுப்புக் கூறல். தோட்டத்தில் பணிபுரிபவராயின் அம்மக்களின் மொழியில் அவர்களைக் கேட்கவும் அவர்களுக்கு விளக்கவும் இயலல் இந்நான்காவதன் பகுதியாகும். புரியாத மொழியில் வழங்கப்பட்ட ஆலோசனைக்கு எவரும் பொறுப்புக் கேட்க முடியாது.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். நாட்சம்பளத்திற்கும் காணி உரிமைக்கும் போராடும் மக்களிடையே நாயின் மனத்தைப் பற்றிப் பேசுவது செல்வரின் பொழுதுபோக்கன்றோ என்பர். நோய் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் ஏறத்தாழ 40 வீதத்தினர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பெற்றோர் இருவரும் மலைக்குச் சென்றபின் லயத்தில் நாய்களோடு தனித்திருப்பவர் அத்தகைய பிள்ளைகளே. துரையின் பங்களாவில் வேலி உண்டு, சங்கிலி உண்டு, அழைத்தால் வரும் மிருக வைத்தியரும் உண்டு. எதுவுமில்லாத இடத்திற்கே சரியான அறிவு அதிகம் வேண்டப்படுகின்றது. செல்வரின் பொழுதுபோக்காக இவ்வறிவை விட்டுவைத்ததே குற்றம்.

நாட்டின் மிருக வைத்திய பீடம் மலைநாட்டின் வாயிலாகிய பேராதனையில் அமைந்துள்ளது. தோட்டங்களிலிருந்து வந்து கலைப்பீடத்தில் உளவியலும் சமூகவியலும் பயிலும் மாணவர் அதே வளாகத்தில் உள்ளனர். இவ்விரு சாராரும் விடுமுறை நாட்களில் இணைந்து ஒரு தோட்டத்தின் ஒரு டிவிசனிலுள்ள நாய்களையாவது எண்ணி, அவற்றின் உறவுகளைப் பதிந்து, கடிச் சம்பவங்களின் காரணங்களை ஆராயத் தொடங்கலாம். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை; குறிப்பேடும், பொறுமையும், லயத்து மக்களிடம் கேட்கும் பணிவும் போதும். தோட்ட நிர்வாகங்கள் கடித்த நாயைக் கொல்லும் வழக்கத்தை விடுத்துக் கட்டிவைத்து அவதானிக்கும் ஒழுங்கை மேற்கொள்ள வேண்டும். நடத்தை வல்லுநர் என்னும் பெயரைப் பூணுவோர் யாரிடம் கற்றனர், எத்தனை நாய்களைக் கண்டனர், எப்போது மிருக வைத்தியரை அழைப்பர் என்பவற்றை வெளிப்படையாக அறிவிக்கச் செய்யும் விதியும் வேண்டும்.

இவை நிகழும்வரை நாய்க்கடி பற்றிய தீர்ப்பு, கையிற் கம்புள்ளவரிடமோ பெயர்ப்பலகை உள்ளவரிடமோதான் இருக்கும். அவ்விருவரையும் நோக்கி, “இந்த நாயை எத்தனை நாள் பார்த்தீர்கள்?” என்று லயத்து மக்கள் துணிந்து கேட்பார்களாயின் மாற்றத்தின் முதற்படி அதுவாகும்.